சனிக்கிழமை பேப்பர்ல வந்த பாட்டு: லங்காஷயர் டைரி

நாள் 1, செவ்வாய், மான்செஸ்டர்

முதல்லயே சொல்லிடுறேன், இது ஃபுட்பால் டூர் இல்ல. மான்செஸ்டர்னு ஸ்டேட்டஸ் போட்ட அஞ்சு நிமிசத்துல மூணு பேரு ஸ்டேடியம் போட்டோ கேட்டாச்சு, கிடைக்காது சாமிகளா. தம்பி இங்க வேலைல இருக்கான், அவனைப் பாக்க வந்த சாக்குல ஆறு நாளை பழைய நியூஸ்பேப்பர் கவிதைக்குன்னு ஒதுக்கிட்டேன். "ஏக்கா, கோவில்பட்டிலயும் லைப்ரரி, கடல் தாண்டி வந்தும் லைப்ரரியா"ன்னு அவன் தலைல அடிச்சுக்கிட்டான்.

விசயம் என்னன்னா 1861 ஏப்ரல்ல அமெரிக்காவுல உள்நாட்டுப் போர் ஆரம்பிக்குது, வடக்குக்காரங்க தெக்குப் பக்கத் துறைமுகத்தை எல்லாம் கப்பலை நிறுத்தி அடைச்சுட்டாங்க. மான்செஸ்டரைச் சுத்தி இருக்கற லங்காஷயர் வட்டாரத்து மில்லுகளுக்கு வந்த பஞ்சுல முக்கால்வாசி அங்கேருந்துதான். பஞ்சு வரலைன்னா மில்லு ஓடாது, மில்லு ஓடலைன்னா கூலி ஏது, 1862 கடைசில சுமார் 5 லட்சம் பேரு நிவாரணத்தை நம்பி நின்னாங்க. பஞ்சுப் பஞ்சம்னு பேரு, தமிழ்ல சொன்னா மோனையோட வருது. அந்த நாலு வருசமும் ஊர்ப் பேப்பர்ல மில்லுக்காரங்களே பாட்டு எழுதிப் போட்டிருக்காங்க. எக்ஸ்டர் யுனிவர்சிட்டில ஒரு குழு அதையெல்லாம் தேடி எடுத்து நூத்துக்கணக்குல நெட்ல போட்டிருக்கு, போன வருசம் ஒரு ராத்திரி தூக்கம் வராம அதுல ஒண்ணைப் படிச்சேன், அங்க பிடிச்ச கிறுக்குதான் இது.

கிறுக்குக்கு இன்னொரு காரணம் எங்கப்பா. ஸ்பின்னிங் மில்லுல 26 வருசம், நூல் நூக்கற ரிங் ஃபிரேம் மெசின்ல. ஷிஃப்ட் முடிஞ்சு வந்து காலண்டர் தாள் பின்னாடி கவிதை எழுதுவாரு, ஞாயித்துக்கிழமை வாசகர் பக்கத்துக்கு அனுப்புவாரு. மொத்த சர்வீஸ்ல மூணுதான் அச்சுல வந்துச்சு. மூணு கட்டிங்கும் ரேஷன் கார்டு, பாண்டு பத்திரத்தோட ஒரே ஃபைல்ல இருக்கு, அம்மா அதைப் பாக்கும்போதெல்லாம் "இதை வச்சு லோன் குடுப்பானா"ன்னு கேக்கும்.

இன்னிக்கு சென்ட்ரல் லைப்ரரி. 1934ல திறந்த வட்டக் கட்டடம், உள்ள கண்ணாடிக் கூரைக்குக் கீழ உக்காந்தா நம்ம இருமுற சத்தம் நாலு தடவை திரும்பி வருது. பழைய பேப்பரைச் சின்னதாப் படம் பிடிச்சு வச்ச மைக்ரோஃபிலிம் சுருளைச் சுத்திப் பாத்தேன். நம்ம நினைக்கிற மாதிரி கவிதைக்கு தனி சப்ளிமென்ட், ஓவியம் எல்லாம் கிடையாது. பக்கத்து மூலைல 'கவிஞர் மூலை'ன்னு ஒரு சின்னத் தலைப்பு, கீழ பதினாறு இருபது வரி, அதுக்குக் கீழயே மாட்டுச்சந்தை விலை, மாத்திரை விளம்பரம். எழுதினவன் பேரு பாதி நேரம் வெறும் ரெண்டு எழுத்து, இல்ல 'ஒரு நெசவாளி'ங்கற மாதிரி ஏதாவது. ஓனர் கண்ணுல பட்டா மறுபடி மில்லு திறக்கும்போது வேலை போயிருமேங்கற பயமும் இருந்திருக்கும்னு தோணுது, எங்கப்பாவும் புனைபேர்லதான் எழுதுவாரு.

இவ்வளவு பேப்பர் எங்கேருந்து வந்துச்சுன்னா, அதுவரைக்கும் அந்த நாட்டுல நியூஸ்பேப்பருக்கு வரி. 1855ல முத்திரை வரியை எடுத்தாங்க, 1861ல காகித வரியையும் எடுத்தாங்க. விலை ஒரு பென்னிக்கு இறங்குச்சு, ஊருக்கு ஊர் பேப்பர். பஞ்சு நின்ன அதே வருசம் காகிதம் மலிவாயிருச்சு பாருங்க. விக்டோரியா காலம் முழுக்க இங்கிலாந்து ஊர்ப் பேப்பர்கள்ல வந்த கவிதை எவ்வளவு இருக்கும்னு ஆண்ட்ரூ ஹாப்ஸ்னு ஒரு ஆய்வாளர் கணக்குப் போட்டிருக்காரு, சுமார் 50 லட்சம். புத்தகமா வந்ததெல்லாம் அதுக்கு முன்னாடி சுண்டைக்காய்.

சாயங்காலம் பக்கத்துலயே ஆபிரகாம் லிங்கன் சிலை, போர்ல வடக்குக்குத் தலைமை தாங்கின ஜனாதிபதி. 1862 டிசம்பர் 31ல மான்செஸ்டர் தொழிலாளிங்க ஃப்ரீ டிரேட் ஹால்ல கூடி, நாங்க பட்டினி கிடந்தாலும் அடிமைத்தனத்தை ஒழிக்கற பக்கந்தான்னு லிங்கனுக்கு லெட்டர் எழுதினாங்க, ஜனவரில அவரு பதில் போட்டாரு, அது பீடத்துல செதுக்கியிருக்கு. படிக்க புல்லரிக்கும். ஆனா மைக்ரோஃபிலிம்ல காலைலேருந்து பாத்துட்டு வந்த எனக்கு அது முழுக்கதையா தெரியல, தெக்குக்காரனுக்கு சப்போர்ட்டாவும் பாட்டு இருக்கு, ரெண்டு பேரும் நாசமாப் போங்க எங்களுக்கு பஞ்சை விடுங்கன்னும் இருக்கு. பசிக்கிறவன் எல்லாரும் ஒரே மாதிரி யோசிக்கணும்னு என்ன இருக்கு.

நாள் 2, புதன், ஸ்டேலிபிரிட்ஜ்

மான்செஸ்டர்லேருந்து ரயில்ல கால் மணி நேரம். ஸ்டேசன்லயே 1885லேருந்து இருக்கற ஒரு பஃபே பார், அங்க கறுப்புப் பட்டாணி வேகவச்சு வினிகர் ஊத்திக் கிண்ணத்துல குடுக்கறாங்க. தாளிக்காத சுண்டல். பையில எலுமிச்சை ஊறுகாய் இருந்துச்சு, எடுக்கலாமான்னு ஒரு நிமிசம் யோசிச்சேன், தம்பி முறைச்சதுல விட்டுட்டேன்.

இந்த ஊருக்கு வந்தது சாமுவேல் லேகாக்குக்காக. 1826ல யார்க்‌ஷயர் பக்கம் மார்ஸ்டன்ல பிறந்து 11 வயசுல இங்க வந்து பஞ்சாலைல வேலை, பவர்லூம் நெசவு. பஞ்சத்துல வேலை போச்சு. போனதும் பாட்டு எழுத ஆரம்பிச்சாரு, வாரா வாரம் ஊர்ப் பேப்பர்ல வரும், அப்புறம் ஒத்தைத் தாள்ல அச்சடிச்சு விப்பாங்க, வேலை இல்லாதவங்க அதைத் தெருவுல பாடிக் காசு கேப்பாங்க. எழுத்து எல்லாம் லங்காஷயர் வட்டாரப் பேச்சு, இங்கிலீஷ் படிச்சவனுக்கே பாதி புரியாது, வாய்விட்டுப் படிச்சாத்தான் புரியும், நம்ம கரிசக்காட்டுப் பேச்சை அப்படியே எழுத்துல போட்டா சென்னைக்காரன் முழிப்பான்ல அந்த மாதிரி.

நான் அன்னிக்கு ராத்திரி படிச்சது இவரோடதுதான், 'வெல்கம் பானி பிரிட்'. பஞ்சத்துக்கு நடுவுல புள்ள பிறக்குது, அப்பன் அதுகிட்ட பேசுறான். வா என் அழகுக் குருவி, வந்தது சந்தோசந்தான், ஆனா இப்பப் போயா வரணும், காலம் சரியில்லையே. நம்ம ஜோவுக்கே பால்ல ஊறவச்ச ரொட்டி பத்தல, அது உனக்கு எப்படித் தெரியும். இப்படியே போகும். புள்ளகிட்ட கணக்கு சொல்லி மன்னிப்புக் கேக்கற மாதிரி. அப்புறம் ரெண்டு மூணு இருக்கு இருந்தாலும் உனக்கும் கொஞ்சம் இடம் பண்ணுறோம், நெஞ்சோட ஒட்டிப் படுத்துக்க, நான்தான்டா உன் அப்பன், அப்படிங்கறான். நெஞ்சைப் பிழியற மாதிரி ஒரு வார்த்தை அதுல கிடையாது, பாலு, ரொட்டி, இடம் பத்தாத கட்டிலு, அவ்வளவுதான். அடுத்த வீட்டுல இருக்கறவனும் அதே ரொட்டியை அதே பால்ல ஊறவச்சுக்கிட்டு சனிக்கிழமை இதைப் படிச்சிருப்பான். அது நினைப்புல வந்ததும்தான் எனக்கு அன்னிக்குத் தூக்கம் போச்சு.

இதே ஊர்ல 1863 மார்ச்ல ரொட்டிக் கலவரம். நிவாரணக் கமிட்டி தொகையைக் குறைச்சு, காசாத் தராம சீட்டாத் தர ஆரம்பிச்சுது, இன்ன கடைல இன்ன பொருள்தான் வாங்கணும்னு. அவ்வளவுதான், கல்லு பறந்துச்சு, ஸ்டோர் ரூமை உடைச்சாங்க, மான்செஸ்டர்லேருந்து குதிரைப்படை வந்து நின்னுச்சு. காசைவிட சீட்டு ஏன் சுருக்குனு தச்சுதுங்கறது ரேஷன் கடை வரிசைல 'அட்டையைக் காட்டு'ன்னு அதட்டல் வாங்கின யாருக்கும் விளக்க வேண்டாம்.

ஆம்பளைங்களுக்கு நிவாரணம் வேணும்னா ஸ்கூல்ல போய் எழுதப் படிக்கக் கத்துக்கணும், பொம்பளைங்கன்னா தையல் வகுப்பு. லேகாக் தையல் வகுப்புக்குன்னே ஒரு பாட்டு எழுதியிருக்காரு, ஜாலியான பாட்டு. ஊருக்கு நடுவுல ஓடுற கால்வாய் ஓரம் மழைல நடந்தோம், வாத்து ரெண்டு, பழைய மில்லுச் செங்கல் சுவரு, வேற ஒண்ணும் சொல்ல இல்ல. லேகாக் 1865ல இங்கயே மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட்ல லைப்ரரியனா ஆயிட்டாரு, நம்ம ஜாதி.

நாள் 3, வியாழன், ராச்டேல்

மழை. டிராம்ல போனா ஒரு மணி நேரம் ஆகும், ரயில்ல போயிருக்கணும், டிராம்னு அடம் பிடிச்சது நானு.

பிராட்ஃபீல்ட் பார்க்ல வட்டாரப் பேச்சுல எழுதினவங்களுக்கு ஒரு நினைவுத்தூண், 1900ல வச்சது. நாலு பேரு முகம். எட்வின் வா, ஆலிவர் ஆர்மராட், ஜான் டிராஃபோர்ட் க்ளெக், மார்கரெட் லஹீ. வட்டார வழக்குக்கு சிலை வச்ச ஊரு, அதுல ஒரு பொம்பளை வேற. எட்வின் வா 1856ல எழுதின ஒரு பாட்டு, குடிக்கப் போன புருசனை வீட்டுக்கு வா, புள்ளைங்க காத்துக்கிடக்குன்னு பொண்டாட்டி கூப்பிடறது, மான்செஸ்டர் பேப்பர்ல வந்து நாடு முழுக்கப் பரவிருச்சு. பஞ்சத்தப்போ அவரு கவிதையை ஓரமா வச்சுட்டு பேப்பருக்காக ஊர் ஊராப் போய் வீட்டுக்குள்ள பாத்ததை எல்லாம் எழுதினாரு, எனக்கு அவரோட பாட்டைவிட அந்த ரிப்போர்ட்டுதான் உசத்தி.

டோட் லேன்ல 1844ல ஆரம்பிச்ச கூட்டுறவுக் கடை, இப்ப மியூசியம். நம்ம பண்டகசாலைக்கெல்லாம் கொள்ளுத் தாத்தா. தம்பி வெளிய நின்னு ஆபீஸ் கால் பேசிக்கிட்டே இருந்தான். இன்னிக்கு இவ்வளவுதான், சாக்ஸ் நனைஞ்சு போச்சு.

நாள் 4, வெள்ளி, பிளாக்பர்ன்

தனியாப் போனேன். வழில டார்வென்னு ஒரு ஊரு, ரயில்லேருந்தே ஒரு புகைபோக்கி தெரியுது, 300 அடி, இத்தாலி கோயில் மணிக்கூண்டு மாதிரி அலங்காரமாக் கட்டியிருக்கான், மில்லு பேரு இந்தியா மில். 1867. காந்தி 1931ல வந்து மில்லுப் பொண்ணுங்களோட சிரிச்சுக்கிட்டு நிக்கிற போட்டோ எல்லாரும் பாத்திருப்பீங்க, அது இந்த ஊர்தான்.

பிளாக்பர்ன்ல நம்ம ஆளு வில்லியம் பில்லிங்டன். சின்ன வயசுலயே மில்லு, பின்னாடி ஒரு பீர்கடை வச்சாரு, அதுக்கு ஊர்க்காரங்க வச்ச பேரே கவிஞர் மூலை. அவரோட 'ஷுராட் நெசவாளி' 1862ல ஒத்தைத் தாளா வந்து 14,000 காப்பி வித்துச்சு, பட்டினி கிடக்கற ஊர்ல. மேசை வித்தோம், கடிகாரம் வித்தோம், நாற்காலி வித்தோம், செருப்பையும் தொப்பியையும் அடகு வச்சோம், மனுசன் எவ்வளவு தாங்குவானோ அவ்வளவும் தாங்கிட்டுத்தான் சூரத் பஞ்சை நெய்ய வந்தோம், இப்படி ஆரம்பிக்கும்.

இந்த சூரத் விசயத்துக்கு வர்றேன், என் கரிசல் ரத்தம் கொஞ்சம் சூடான இடம் இது. அமெரிக்கப் பஞ்சு இல்லேன்னதும் இந்தியாலேருந்து இறக்கினாங்க. எந்த மூலைலேருந்து வந்தாலும் இவங்களுக்கு அது சூரத்துதான், நம்ம திருநெல்வேலிப் பஞ்சு டின்னவெல்லிங்கற பேர்லயே லிவர்பூல் மார்க்கெட்ல தனி ரகமா விலை போனாலும் திட்டுல எல்லாம் ஒண்ணு. இழை குட்டை, தூசி, இலை, விதை, நூலு அறுந்துக்கிட்டே இருக்கும். பீஸ் கணக்குல கூலி, அறுந்தா ஒட்டுற நேரத்துக்குக் காசு கிடையாது. அதனால சூரத்துன்னாலே மட்டமான சரக்குன்னு வசவு ஆயிருச்சு. ஒரு ஜெபக் கூட்டத்துல ஆண்டவரே பஞ்சு அனுப்பும்னு வேண்டும்போது பின்னாடி ஒருத்தன் 'சூரத் வேண்டாம்'னு சேத்துக்கிட்டானாம், அப்ப உலவுன கதை இது.

இப்ப பிளாக்பர்ன்ல ஸ்டேசனைத் தாண்டி பத்து நிமிசம் நடந்தா சமோசா வாசம். குஜராத்தி முஸ்லிம்கள் நிறைய, பருச், சூரத் பக்கத்துலேருந்து வந்த குடும்பங்க. ஒரு டீக்கடைல பெரியவர் ஒருத்தர், வெள்ளைத் தாடி, எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இந்தில பேச்சுக் குடுத்தேன். சூரத் பஞ்சு கதையைச் சொன்னேன், பாட்டுல வசவு வாங்கினதையும் சொன்னேன். அவரு சாசர்ல டீயை ஊத்தி ஆத்திக்கிட்டே, "பஞ்சு வேண்டாம்னாங்க, அப்புறம் நைட் ஷிஃப்டுக்கு ஆள் கிடைக்காம எங்களைத்தான் கூப்பிட்டாங்க பேட்டி"ன்னாரு, இந்தில மகளேன்னு அர்த்தம். 1960கள்ல அவரே ராத்திரி ஷிஃப்ட் ஓட்டினவராம். டீக்குக் காசு வாங்கவே இல்ல.

நாள் 5, சனி, பர்ன்லி

குயின் ஸ்ட்ரீட் மில். நீராவில ஓடுற நெசவுக் கொட்டகைல உலகத்துல மிச்சம் இருக்கறது இது, இப்ப மியூசியம். 1890கள்ல கட்டினது, அதனால நம்ம கதைக்கு முப்பது வருசம் பிந்தி. இருந்தாலும் தறி மாறல. எஞ்சினுக்கு 'பீஸ்'னு பேரு, சமாதானம். சமாதானம் ஆரம்பிச்ச உடனே மேல ஓடுற தண்டு எல்லாம் சுத்த, தோல் பெல்ட் தறிக்கு இறங்கி, படபடன்னு ஒரு சத்தம், முந்நூறு தறி வரிசைல சிலதைத்தான் ஓட்டினாங்க, அதுக்கே பக்கத்துல நிக்கிற ஒரு அம்மாவோட வாய் அசையறது தெரியுது, ஒண்ணும் கேக்கல. முந்நூறும் ஓடினா? அதான் இங்கத்த நெசவாளிங்க வாயை நல்லா அகலமா அசைச்சு உதட்டைப் பாத்தே பேசிக்குவாங்களாம், அதுக்கு 'மீ-மா'ன்னு பேரே இருக்கு. எங்கப்பா வீட்டுல ஏன் இப்பவும் கத்திப் பேசுறாருன்னு தம்பி பொண்டாட்டிக்கு அங்க வச்சு விளக்கினேன்.

கைடு ஒரு நாடாவை, அதான் தறில குறுக்கு நூலை இழுத்துக்கிட்டு ஓடுற கட்டையை, என் கைல குடுத்தாங்க. மரம், ரெண்டு முனைல இரும்புக் கூர், கனம் ஒரு தேங்காய் அளவு. நூல் தீர்ந்து புது நூல்கண்டு போட்டதும் பக்கத்துல இருக்கற சின்ன ஓட்டை வழியா நூலை வெளிய எடுக்கணும், எப்படின்னா ஓட்டைல வாயை வச்சு ஒரு உறிஞ்சு. இதை நாடாவுக்கு முத்தம் குடுக்கறதுன்னு சொல்வாங்க. ஒரே நாடாவை பல பேரு உறிஞ்சுவாங்க, தூசியும் கஞ்சிமாவும் உள்ள போகும், பல்லு போகும், நோய் தொத்தும். சூரத் நூலு அறுந்துக்கிட்டே இருந்தா எத்தனை தடவை உறிஞ்சியிருப்பாங்கன்னு அந்த ஓட்டையைப் பாத்துக்கிட்டே நின்னேன். லேகாக்கும் சூரத் பாட்டு ஒண்ணு எழுதியிருக்காரு, முதுகு ஒடியுது, விரல் புண்ணாப்போச்சு, இந்தப் பஞ்சுக்குள்ள முழிச்சு முழிச்சு வௌவால் மாதிரி கண்ணே அவிஞ்சுபோச்சுன்னு. நாடாவைக் கைல வச்சுக்கிட்டுப் படிச்சா அந்த வரி புலம்பலாத் தெரியல, வேலை ரிப்போர்ட்டாத் தெரியுது.

வெளிய வந்து அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். தறியைக் காட்டினேன், பாட்டைச் சொன்னேன். அவருக்குக் கோவம் வந்துருச்சு, பாட்டு மேல.

"பஞ்சை ஏம்மா திட்டுறான்? அமெரிக்கப் பஞ்சு நீட்டு இழை. நூக்கற மெசின்ல பஞ்சை இழுக்கற ரோலரை அதுக்குத் தக்கன தள்ளி வச்சிருப்பான். நம்ம பஞ்சு குட்டை இழை, ரோலரை நெருக்கி வைக்கணும். வைக்காம ஓட்டினா அறுந்துக்கிட்டேதான் இருக்கும். மொதலாளி செட்டிங்கை மாத்தினானா இல்லயான்னு அதுல எழுதியிருக்கா?"

எழுதல. அப்புறம் அவரே இறங்கி வந்தாரு, எடை கூட்ட தண்ணி தெளிக்கறது, மண்ணு சேக்கறது எல்லாம் நம்ம ஏவாரிங்க பண்ணதுதான், அதுக்கு அவனைக் குத்தம் சொல்ல முடியாதுன்னு. சரிதான், பஞ்சுல கலப்படத்தைத் தடுக்கன்னே பம்பாய்ல 1863ல சட்டம் போட்டாங்க. 1865ல போர் முடிஞ்சதும் அமெரிக்கப் பஞ்சு திரும்ப வர ஆரம்பிச்சுது, இந்தியப் பஞ்சு விலை படுத்துருச்சு, விலை ஏறுதுன்னு கடன் வாங்கி விதைச்ச சம்சாரி பாடு என்னாச்சுங்கறது லங்காஷயர் பேப்பர் மூலைல வரல, அங்க ஏன் வரப்போகுது.

"அது கிடக்கட்டும், எழுதினதுக்குப் பேப்பர்காரன் காசு குடுத்தானா?"ன்னு கேட்டாரு. பெரும்பாலும் இல்லப்பான்னேன். "இங்கயும் அதான்"ன்னு போனை அம்மாகிட்ட குடுத்துட்டாரு.

நாள் 6, ஞாயிறு, தம்பி வீடு

எங்கயும் போகல. மழை, துவைச்ச துணி ஹீட்டர் மேல, பிரிண்ட் எடுத்த தாள் எல்லாம் தரை முழுக்க. எனக்கு இந்த வாரம் ரொம்பப் பிடிச்சது கவிதைகூட இல்ல, எடிட்டர் வாசகர்களுக்குப் பதில் சொல்ற கட்டம். அந்தக் காலத்துல திருப்பி அனுப்பற பழக்கம் கம்மி, பேப்பர்லயே ரெண்டு வரில பதில் போட்டுருவாங்க, உங்க உணர்ச்சி நல்லாருக்கு யாப்பு சரியில்ல, அடுத்த வாரம் பாக்கலாம், நீங்க எழுதறதை விட்டுட்டா உங்களுக்கும் நல்லது எங்களுக்கும் நல்லது, இந்த ரகம். மொத்த ஊரும் படிக்கும். அப்படி வாங்கினவன் அடுத்த திங்கக்கிழமை நிவாரண வரிசைல எப்படி நின்னிருப்பானோ. எங்கப்பாவுக்கு வந்ததெல்லாம் அச்சடிச்ச கார்டு, 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்', அதாவது தபால்காரருக்கு மட்டுந்தான் தெரியும்.

மத்தபடி ஒண்ணு சொல்லணும், இதுல முக்கால்வாசி கவிதை சுமார்தான். சாமியை நம்பு, பொறுமையா இரு, விடிஞ்சிரும், இதையே எட்டு எட்டு வரியா. அந்தச் சுமாரை எல்லாம் உக்காந்து படிச்சதாலதான் லேகாக் ரொட்டி, பால்னு எழுதினது எவ்வளவு துணிச்சல்னு எனக்குப் புரிஞ்சுது.

மத்தியானம் அந்தக் குருவிப் பாட்டை என் மொழிபெயர்ப்புல அப்பாவுக்கு வாய்ஸ் மெசேஜ்ல அனுப்பினேன். ரெண்டு மணி நேரம் சத்தமே இல்ல. அப்புறம் ஒரு போட்டோ வந்துச்சு, காலண்டர் தாள் பின்பக்கம், பென்சில்ல திருத்தி எழுதியிருக்காரு. 'குருவி'யை அடிச்சுட்டு 'சிட்டு'ன்னு போட்டாச்சு. பால்ல ஊறின ரொட்டி போய் நீத்தண்ணி வந்திருக்கு. ஜோ எப்படியோ சோமுவா ஆயிட்டான். கீழ ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அவன் பேரை மேல போடணும், லேகாக்னா நடுவுல கானா பக்கத்துல கால் உண்டா? வாசகர் பக்கத்துக்கு அனுப்பலாம்னு இருக்கேன். போட்டான்னா கட்டிங் எடுத்து வைக்கறேன்."

கால் உண்டுப்பா, லேகாக், நெடில்னு பதில் போட்டேன். நாளைக்கு ராத்திரி ஃபிளைட்டு, இந்தத் தாளை எல்லாம் எந்தப் பெட்டில திணிக்கறதுன்னுதான் தெரியல, தம்பி பொண்டாட்டி ஊருக்குன்னு குடுத்த சாக்லேட்டே ஏழு கிலோ இருக்கு.